வோல்வரினோடு ஜப்பானுக்கு: முதன்முறை பார்ப்பவருக்கு ஒரு வழிகாட்டி

சூப்பர்ஹீரோ படங்களைப் பார்க்கத் தொடங்கலாம் என்று எண்ணுகிறவரை முதலில் மலைக்க வைப்பது அவற்றின் எண்ணிக்கைதான். ஒரு படம் புரிய வேண்டுமானால் அதற்கு முன்வந்த நான்கைந்தையும் பார்த்திருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். ஆவல் அங்கேயே அடங்கிவிடுகிறது. எதில் தொடங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பல ஆண்டுகளாக ஒரே விடையைத்தான் சொல்லி வருகிறேன். 2013ஆம் ஆண்டு ஜேம்ஸ் மேன்கோல்ட் இயக்கத்தில், ஹியூ ஜேக்மேன் நடிப்பில் வெளிவந்த 'தி வோல்வரின்' படமே அது. பிறவியிலேயே சிறப்பாற்றல் பெற்ற மனிதர்களைப் பற்றிய எக்ஸ்-மென் வரிசையில் இது ஆறாவது படம். ஆயினும் இதில் உலகத்தைக் காக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. சாவே வராத ஒருவன், மொழியும் முறைகளும் தெரியாத ஜப்பானுக்கு அழைத்துச் செல்லப்படுகிறான்; அங்கே ஒரு குடும்பத்தின் சொத்துப் போராட்டத்தில் சிக்கிக்கொள்கிறான். யார் நண்பர், யார் பகைவர், எதிரில் நடக்கும் சடங்குக்குப் பொருள் என்ன என்பதெல்லாம் அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. புதிதாக வருபவருக்கு இதைவிட இணக்கமான நாயகன் கிடைப்பது அரிது. ஆகவே இந்தப் படத்துக்கு ஆயத்தமாவது என்றால் எக்ஸ்-மென் கதைகளைப் படித்துத் தீர்ப்பது அன்று, ஜப்பானைப் பற்றிச் சில செய்திகளை அறிந்துகொள்வதுதான் என்பது என் கருத்து. அந்த முறையிலேயே கீழே படிப்படியாகச் சொல்கிறேன். இறுதி முடிச்சை எங்கும் அவிழ்க்கவில்லை.

முதல் படி: முன்கதையில் எவ்வளவு தெரிய வேண்டும்

மூன்று செய்திகள் போதும். நாயகனின் பெயர் லோகன். வோல்வரின் என்பது அவனுக்கு வழங்கும் பட்டப்பெயர். அவன் உடலில் எந்தக் காயமும் தானே ஆறிவிடும், முதுமையும் மிக மெதுவாகவே வருகிறது. எனவேதான் 1945இலும் நிகழ்காலத்திலும் ஏறத்தாழ ஒரே முகத்தோடு இருக்கிறான். அவன் எலும்புகள்மீது அடமான்டியம் என்னும் உடையாத உலோகம் பூசப்பட்டிருக்கிறது. கைமுட்டிகளிலிருந்து வெளிவரும் நீண்ட நகங்களும் அவ்வாறே. ஆனால் அந்த உலோகப் பூச்சு 1945க்குப் பின்னால் நிகழ்ந்தது. ஆகவே தொடக்கக் காட்சியில் அவன் நகங்கள் வெறும் எலும்பாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதை நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது செய்தியே முக்கியமானது. 2006இல் வந்த மூன்றாம் எக்ஸ்-மென் படத்தின் முடிவில், கட்டுக்கடங்காத ஆற்றலுக்கு இரையாகிவிட்ட ஜீன் கிரே என்ற பெண்ணை, அவளை நேசித்த லோகனே பிறரைக் காப்பதற்காகக் கொல்ல நேர்ந்தது. இந்தப் படத்தில் அவன் கனவுகளில் வெண்ணிற உடையில் வந்து பேசுபவள் அவள்தான். நடித்திருப்பவர் ஃபாம்கே ஜான்சன். அக்கனவுகள் வரும்போது, யாரிந்தப் பெண் என்று தேட வேண்டியதில்லை. தன் கையால் சாகடித்தவளை மறக்க முடியாதவன் என்ற அளவில் புரிந்துகொண்டாலே, அவன் ஏன் கனடாவின் யூகான் காட்டில் தாடியும் அழுக்குமாகத் தனித்துக் கிடக்கிறான் என்பது விளங்கிவிடும்.

இரண்டாம் படி: எந்தப் பதிப்பு, எந்த ஒலி

திரையரங்குகளில் வெளியான பதிப்பு 126 நிமிடங்கள். பின்னர் வட்டில் வந்த நீட்டிக்கப்பட்ட பதிப்பு 138 நிமிடங்கள்; அதில் குருதி மிகுதி, பனி மூடிய ஊரில் நடக்கும் நிஞ்சாச் சண்டையும் நீளம். முதன்முறை பார்ப்பவர் திரையரங்குப் பதிப்பையே பார்க்கலாம். கதை ஓட்டம் அதில் கட்டுக்கோப்பாக இருக்கிறது.

ஒலியைப் பற்றி நான் சற்று அழுத்தமாகவே சொல்வேன். எல்லோரையும் ஒரே மொழியில் பேச வைத்த ஒலிமாற்றப் பதிப்பு உங்களுக்குக் கிடைத்தால், அதை இரண்டாம் முறைக்கு ஒதுக்கி வையுங்கள். மூலத்தில் ஆங்கிலமும் ஜப்பானிய மொழியும் மாறி மாறி வருகின்றன. குடும்பத்தார் தமக்குள் ஜப்பானிய மொழியில் பேசிக்கொள்ளும்போது லோகன் அறையின் ஓரத்தில் ஒன்றும் புரியாமல் நிற்கிறான். தன்னை ஜப்பானுக்கு அழைத்துவந்த யூகியோ என்ற பெண் சொல்வதை மட்டுமே நம்பி அடுத்த அடியை வைக்கிறான். அந்தத் தனிமை காதால் உணர வேண்டியது. வசன எழுத்துகளோடு மூல ஒலியைக் கேட்பதே இந்தப் படத்துக்கு நீதி செய்யும் வழி.

மூன்றாம் படி: யஷிடா குடும்பத்தை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்

புதியவர்கள் இடையில் படத்தை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை உறவுமுறையைப் பற்றியவை. ஆகவே பார்ப்பதற்கு முன்பே இதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இச்சிரோ யஷிடா என்ற முதியவர் பெருந்தொழில் நிறுவனமொன்றின் தலைவர். மரணப் படுக்கையில் இருக்கிறார். 1945இல் தன் உயிரைக் காத்த லோகனைக் கடைசியாக ஒருமுறை பார்க்க விரும்புகிறார். அவருடைய மகன் ஷிங்கென். ஷிங்கெனின் மகள் மாரிகோ. பாட்டனார் தம் பேரரசை மகனுக்கு விடாமல் பேத்தியிடம் ஒப்படைக்க முடிவு செய்திருப்பதே மோதலுக்கெல்லாம் வேர். மாரிகோவுக்கு நிச்சயிக்கப்பட்ட மணமகன், நீதித்துறை அமைச்சர் நொபுரோ மோரி. அவளுடைய இளமைக்கால நண்பன் ஹராடா, தலைமுறைகளாக இக்குடும்பத்தைக் காத்துவரும் நிஞ்சாக் குழுவின் தலைவன். முதியவருக்கு மருத்துவம் பார்க்கும் பொன்னிறக் கூந்தல் பெண்மீது ஒரு கண் வைத்திருங்கள். எஞ்சியிருப்பவள் செந்நிற முடியுடைய யூகியோ. அனாதையாக இருந்த அவளை இந்தக் குடும்பம் எடுத்து வளர்த்தது. பிறர் எவ்வாறு சாவார்கள் என்பதை முன்கூட்டிக் காணும் ஆற்றல் அவளுக்கு உண்டு.

பெயர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஜப்பானில் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர் யோஷிடா. யஷிடா என்பது அமெரிக்கச் சித்திரக்கதை எழுத்தாளரின் எழுத்தில் பிறந்து அப்படியே நிலைத்துவிட்ட வடிவம். ஷிங்கென் என்ற பெயருக்கோ வரலாற்றுக் கனம் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் போர்த்தலைவர் தகேடா ஷிங்கெனை ஜப்பானியப் பார்வையாளர் உடனே நினைத்துக்கொள்வார். அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கும் ஹிரோயுகி சனாடா, சிறுவயதிலேயே சண்டைக்கலைப் பயிற்சியோடு வளர்ந்த நடிகர். வாளை அவர் பிடிக்கும் விதத்திலேயே அது தெரியும். 2024இல் எம்மி விருது பெற்றவரும் இவரே. மாரிகோவாக வரும் டாவோ ஒகாமோட்டோவுக்கு இது முதல் படம் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவ்வளவு அடக்கமான நடிப்பு.

நான்காம் படி: முதல் பத்து நிமிடங்களைக் கவனமாகப் பாருங்கள்

படம் 1945 ஆகஸ்ட் 9இல், நாகசாகி விரிகுடாவின் கரையிலுள்ள போர்க்கைதிகள் முகாமில் தொடங்குகிறது. கிணறு போன்ற குழியொன்றில் அடைக்கப்பட்டிருக்கும் லோகன், இளம் அதிகாரி யஷிடாவை உள்ளே இழுத்து, இரும்புக் கதவாலும் தன் உடலாலும் மூடி, அணுகுண்டின் நெருப்பிலிருந்து காக்கிறான். முகாம் புனைவுதான், ஆனால் நாகசாகியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் உண்மையிலேயே இருந்தார்கள். டச்சு, ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்கள் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் அந்தக் குண்டுக்கே பலியானார்கள். அன்று குண்டுவீச்சுக்கு முதலில் குறிக்கப்பட்ட நகரம் கொகுரா. அங்கே நிலம் தெளிவாகத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. காலை 11 மணி 2 நிமிடத்துக்கு உரகாமி பள்ளத்தாக்கின்மீது குண்டு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மாண்டவர்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். சூப்பர்ஹீரோ படமொன்று இத்தகைய துயரத்தைக் கதைத் தொடக்கத்துக்குப் பயன்படுத்துவது தகுமா என்ற கேள்வி எனக்குள் இன்னும் முழுமையாக ஓயவில்லை. ஆயினும் மேன்கோல்ட் அதை வெற்றிக் காட்சியாக எடுக்கவில்லை. ஒரு பகை வீரனை இன்னொருவன் காப்பாற்றும் காட்சியாகவே எடுத்திருக்கிறார்.

இந்தக் காட்சியில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உடன் நின்ற அதிகாரிகள் வயிற்றைக் கிழித்து உயிர்விடும்போது யஷிடா தயங்குகிறார். லோகனின் வெந்த உடல் அவர் கண்முன்னே மீண்டும் தோல் மூடுகிறது. அதைப் பார்க்கும் அவர் முகத்தில் வியப்பு எழுகிறது. அந்தத் தயக்கமும் அந்த வியப்பும் 126 நிமிடங்களையும் சுமக்கின்றன என்று சொன்னால் மிகையன்று.

அடுத்து வரும் யூகான் காட்சியில் நச்சு அம்பு தைத்த கரடி ஒன்று வருகிறது. சிலர் இதைத் தேவையற்ற காட்சி என்கிறார்கள். சாக முடியாமல் வதைபடும் வலிய விலங்குக்கும், அதன் வேதனையை முடித்துவைக்க வேண்டியவனுக்கும் உள்ள உறவைப் பாருங்கள். பிறகு லோகனையே அந்தக் கரடியின் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: டோக்கியோவில் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்

முதியவர் லோகனிடம் வைக்கும் கோரிக்கை விந்தையானது: சாகாத வரத்தை அவனிடமிருந்து எடுத்துவிட்டு, மனிதனைப் போல் வாழ்ந்து மனிதனைப் போல் சாகும் வாய்ப்பைத் தருவதாகச் சொல்கிறார். அந்த உரையாடலில் ரோனின் என்ற சொல் வரும். தலைவனை இழந்த சாமுராய் என்பது அதன் பொருள். சாமுராய் என்பவன் யாருக்கோ கடமைப்பட்டவன். தலைவன் போனபின் வாள் இருக்கும், அதை எதற்காக ஏந்துவது என்பது இராது. லோகனின் நிலைமையைச் சொல்ல ஜப்பானிய மொழி ஏற்கெனவே ஒரு சொல்லை வைத்திருக்கிறது என்பதுதான் இந்தக் கதையை அந்த நாட்டோடு பிணைக்கும் ஆணி. இன்னொரு சொல் 'குஸுரி'. வோல்வரின் என்னும் விலங்குக்கு ஜப்பானியப் பெயர் அது. ஜப்பானின் காடுகளில் அவ்விலங்கு வாழ்வதில்லை; எனவே அந்தப் பெயரே அங்கே அயலானுக்குரிய பெயர்.

இறுதிச் சடங்கு நடப்பதாகக் காட்டப்படும் இடம் ஸோஜோஜி. 1393இல் நிறுவப்பட்ட பௌத்தக் கோயில். ஜப்பானை ஆண்ட டோகுகவா ஷோகன்கள் பதினைவரில் ஆறு பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பின்னால் நிமிர்ந்து நிற்பது 1958இல் எழுப்பப்பட்ட, 333 மீட்டர் உயரமுள்ள டோக்கியோ கோபுரம். பழைய ஆட்சியாளரின் கல்லறைகளுக்குப் பக்கத்திலேயே இரும்பு அலைபரப்பிக் கோபுரம் நிற்கும் இந்த இடத்தை ஒரு தொழிலதிபரின் சடங்குக்குத் தேர்ந்தெடுத்தது பொருத்தமானது. சடங்கின் அமைதியை முதலில் கவனியுங்கள்: கறுப்பு உடைகள், சாம்பிராணிப் புகை, வரிசையாக அமர்ந்திருக்கும் முறை. துறவிகளாக நிற்பவர்களின் உடலில் பச்சை குத்திய ஓவியங்கள் தெரியத் தொடங்கும்போது, அவர்கள் யாகுசா என்னும் குற்றக் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்பது புரியும். உடல் நிறையப் பச்சை குத்திக்கொள்ளும் வழக்கம் ஜப்பானில் நெடுங்காலமாக யாகுசாவோடு சேர்த்தே எண்ணப்படுகிறது.

லோகனும் மாரிகோவும் அவர்களிடமிருந்து தப்பி நாகசாகிக்கு ரயிலேறும் வரை தொடரும் துரத்தலில் நிலவியலை நம்ப வேண்டாம். கோயில் டோக்கியோவின் தெற்கில் இருக்கிறது. ஓட்டமோ வடமேற்கிலுள்ள தகாடனோபாபாவின் தெருக்கள் வழியாகச் சென்று வடகிழக்கிலுள்ள உவேனோ நிலையத்தில் முடிகிறது. இவ்வளவு தொலைவையும் காயம்பட்ட ஒருவன் நடந்தே கடந்தான் என்று கொள்ள முடியாது. மேலும் உவேனோவில் புறப்படும் அதிவேக ரயில்கள் வடக்கு நோக்கிச் செல்பவை. தென்மேற்குக் கோடியிலுள்ள நாகசாகிக்குப் போக டோக்கியோ நிலையத்திலோ ஷினகவாவிலோ ஏறி, ஹகாடாவில் இறங்கி வேறு ரயிலுக்கு மாற வேண்டும். நாகசாகிக்கே ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் பாதை வந்தது 2022 செப்டம்பரில்தான். அதுவும் பிற ஷின்கான்சென் பாதைகளோடு இன்னும் இணையவில்லை. படத்தின் கணிசமான பகுதி ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பகுதியில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள். இவற்றைச் சொல்வது குறை கூறுவதற்காக அன்று. திரையில் காணும் ஊரை வரைபடமாக எண்ணாமல், அயலான் ஒருவன் மனத்தில் பதிந்த நகரமாக எடுத்துக்கொண்டால் பார்ப்பது எளிதாகும்.

ரயில் கூரைமீது நடக்கும் சண்டைதான் இந்தப் படத்தில் பலரும் முதலில் பேசுவது. ஷின்கான்சென் 1964 அக்டோபர் 1இல், மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தோடு தொடங்கியது. இன்று மிகுவேகம் 320. இந்த வேகத்தில் காற்றே முதற்பகைவன் என்பதை இயக்குநர் சரியாகப் பிடித்திருக்கிறார். சண்டையின் இலக்கணம் எளியது: பிடியை விட்டவன் தொலைந்தான். குத்துவதற்கும் வெட்டுவதற்கும் முன்னால், கூரையில் ஊன்றி நிற்பதற்கே நகமும் கத்தியும் பயன்படுகின்றன. எதிரே விரைந்து வரும் குறுக்குச் சட்டங்களைத் தாவிக் கடக்கவோ குனிந்து தப்பவோ வேண்டும். ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் ஏமாறுகிறார். உண்மையான ரயிலின் கூரைக்கு மேல் 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது என்பதைப் படம் பொருட்படுத்தவில்லை. லோகனுக்குக் காயம் ஆறும் ஆற்றல் இப்போது முன்போல் இல்லை என்பதை மறவாமல் பாருங்கள். காரணத்தைப் படம் பின்னால் சொல்லும். வலி முதன்முறையாக அவனிடம் தங்குகிறது என்பதே இங்கே வேண்டியது. வெல்ல முடியாதவன் சண்டையிடுவதில் அச்சம் இல்லை, அச்சம் இல்லாத இடத்தில் சுவையும் இல்லை. இந்தப் படம் மற்ற சூப்பர்ஹீரோ படங்களிலிருந்து விலகி நிற்பது இந்த ஒரு முடிவால்தான்.

ஆறாம் படி: நாகசாகி வீட்டில் அவசரப்படாதீர்கள்

துரத்தலுக்குப் பின் லோகனும் மாரிகோவும் கடலோரத்திலுள்ள குடும்பத்தின் பழைய வீட்டில் ஒளிந்துகொள்கிறார்கள். இங்கேதான் பலர் பொறுமை இழந்து கைப்பேசியை எடுக்கிறார்கள். நானோ இந்தப் பகுதிக்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எடுக்கப்பட்டது நாகசாகியில் அன்று. எஹிமே மாநிலத்தைச் சேர்ந்த ஓமிஷிமா என்னும் தீவிலும், ஃபுகுயாமா நகரைச் சேர்ந்த டொமொனோஉரா என்னும் பழைய துறைமுக ஊரிலும் படப்பிடிப்பு நடந்தது. ஓமிஷிமாவிலுள்ள ஒயாமாசுமி கோயில், பழங்காலப் போர்வீரர்கள் காணிக்கையாக அளித்த கவசங்களையும் வாள்களையும் பெருந்தொகுதியாகப் பாதுகாத்து வருகிறது. சாமுராய்க் கதையொன்றின் அமைதியான பகுதி அத்தகைய தீவில் எடுக்கப்பட்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இந்தப் பகுதியில் சண்டை இல்லை. விழுந்த மரத்தை ஊராரோடு சேர்ந்து லோகன் வெட்டுகிறான். உணவுக்கு அமரும்போது குச்சிகளைச் சோற்றில் நட்டு வைத்துவிடுகிறான். மாரிகோ அதைத் திருத்துகிறாள். ஜப்பானில் இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் குச்சிகளை நட்டு வைப்பார்கள் என்பதால், சாப்பாட்டு வேளையில் அது அமங்கலம். நம் வீடுகளில் வாழையிலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் திருத்தத்தின் மென்மை விளக்கமின்றிப் புரியும். சாவைத் தேடி அலைகிறவன் சாவின் சின்னத்தை அறியாமலேயே சோற்றில் நடுகிறான், வாழ விரும்புகிற ஒருத்தி அதை எடுத்துக் கீழே வைக்கிறாள். இரண்டு நொடிகளில் கடந்துபோகும் இந்தச் செயலில் இருவரின் உறவும் தொடங்கிவிடுகிறது. சிறுவயதில் கெட்ட கனவு கண்டு அஞ்சியபோதெல்லாம், கிணற்றுக்குள் தம்மைக் காத்த குஸுரியின் கதையைப் பாட்டனார் சொல்லித் தேற்றினார் என்று மாரிகோ கூறும் இடத்தையும் தவறவிடாதீர்கள். லோகனின் வாழ்வில் கடந்துபோன ஒரு நாள், அவள் குழந்தைப் பருவத்தின் காவல் தெய்வமாக இருந்திருக்கிறது.

ஏழாம் படி: கடைசிப் பகுதிக்கு மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள்

பனி மூடிய மலையூருக்குக் கதை நகர்ந்ததும் அதன் குரல் மாறுகிறது. கயிறு கட்டிய அம்புகள் லோகனின் முதுகில் ஒன்றன்பின் ஒன்றாகத் தைக்க, அவன் முன்னேறி நடக்க முயலும் காட்சி வரைந்த ஓவியம் போல் இருக்கும். அதற்கு அப்பால் பெருங்கவசமும் இயந்திரமும் வந்து, அதுவரை மனித அளவில் இருந்த கதையை வழக்கமான சூப்பர்ஹீரோ முடிவுக்கு இழுத்துச் செல்கின்றன. இது படத்தின் குறை என்றே நான் கருதுகிறேன். முன்கூட்டி அறிந்திருந்தால் ஏமாற்றம் குறையும். முதல் காட்சியில் குறித்துக்கொள்ளச் சொன்ன தயக்கத்தையும் வியப்பையும், எலும்பு நகங்களையும் இங்கே மீண்டும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சலுக்கு நடுவிலும் அந்த இழை அறுபடாமல் வருகிறது.

எட்டாம் படி: எழுத்துகள் ஓடத் தொடங்கியதும்

உடனே எழுந்துவிட வேண்டாம். நடிகர் பெயர்களுக்கு இடையே, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு விமான நிலையத்தில் நடப்பதாகச் சிறு காட்சி ஒன்று வருகிறது. இதுவரை தனித்து நின்ற படம் தொடரோடு கைகோத்துக்கொள்வது இங்கேதான். 2014இல் வந்த அடுத்த எக்ஸ்-மென் படத்துக்கான கதவு அது. அங்கே தோன்றும் இரு முதியவர்களை நீங்கள் அறியவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் எழுந்தால் 2000ஆம் ஆண்டின் முதல் எக்ஸ்-மென் படத்துக்குப் போகலாம்.

ஆவல் ஜப்பானின் பக்கம் எழுந்தால், படத்துக்கு மூலமான சித்திரக்கதையைத் தேடிப் படியுங்கள். கிறிஸ் கிளேர்மான்ட் எழுத, ஃபிராங்க் மில்லர் வரைய, 1982இல் நான்கு இதழ்களாக வெளிவந்தது. மாரிகோவும் யூகியோவும் ஷிங்கெனும் அதிலும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே யூகியோ வேறொருத்தி, கதையும் வேறு பாதையில் செல்கிறது. நான்கு இதழ்களையும் ஒரே மாலையில் படித்துவிடலாம். படத்தைப் பார்த்துச் சில நாள்கள் கழித்துப் படித்தால், மேன்கோல்ட் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.